சின்னச் சுறா எல்லாம் ஒரே கூடையா? பால் சுறா, ஸ்கோலியோடான் பிரித்துப் பதிவது பற்றி

கரைக்கணக்கு எழுதியது:

மீன் இறங்குதளத்தில் பதிவு எடுக்கும் தன்னார்வலர்களுக்காக ஒரு படிவம் தயாராகிக்கொண்டிருக்கிறது. பழைய படிவத்தில் ஒரு மீட்டருக்குள் இருக்கிற சுறா எல்லாம் "சிறு சுறா" என்று ஒரே வரியில், எடை மட்டும் போட்டு முடிந்துவிடும். ஏலத்திலும் அப்படித்தான். கூறில் என்ன கிடந்தாலும் பால் சுறா என்றுதான் கூவுகிறார்கள். இதைப் பிரித்தே ஆக வேண்டுமா? பிரித்தால் எதைப் பார்த்துப் பிரிப்பது? என்னென்ன அளவு எடுத்தால் பின்னால் உபயோகப்படும்? வெளிச்சம் குறைவு, ஏலக்காரர் காத்திருக்க மாட்டார், கத்தி வைத்து அறுக்க எல்லா நாளும் அனுமதி கிடைக்காது. இதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

செவுள் எழுதியது:

பிரித்தே ஆக வேண்டும். அந்தக் கூடையில் வழக்கமாக நான்கு இனம் கலந்து கிடக்கும்: பால் சுறா எனும் ரைசோபிரையோனோடான் அக்யூட்டஸ், அதன் பங்காளி ரைசோபிரையோனோடான் ஆலிகோலிங்ஸ், லோக்ஸோடான் மேக்ரோரைனஸ், ஸ்கோலியோடான் லாட்டிகாடஸ். இவற்றோடு கார்கரைனஸ் பேரினத்துப் பெரிய சுறாக்களின் குட்டிகளும் சேர்ந்துவிடும். சுத்தியல் தலைக் கொம்பன் சுறாக் குட்டியை யாரும் தவறவிட மாட்டார்கள், தலையே சொல்லிவிடும்.

நிறத்தை நம்ப வேண்டாம். ஐஸில் கிடந்தால் எல்லாமே சாம்பல்தான். பார்க்க வேண்டிய வரிசை இது.

முதலில் பின் பக்கம். இரண்டாவது முதுகுத் துடுப்பு எங்கே தொடங்குகிறது? கார்கரைனஸ் குட்டிகளில் அது குதத்துடுப்புக்கு ஏறக்குறைய நேர் மேலே தொடங்கும். நம் நான்கிலும் அது மிகச் சிறியது, குதத்துடுப்பு தொடங்கும் இடத்துக்கு நன்றாகப் பின்னால் தள்ளி இருக்கும். இந்த ஒரு பார்வையிலேயே பெரிய சுறாக்களின் குட்டிகள் தனியாகப் போய்விடும்.

அடுத்து மூக்கும் மார்புத் துடுப்பும். ஸ்கோலியோடானின் மூக்கு கொத்தனாரின் கரண்டி மாதிரித் தட்டையாக, நீண்டு, ஓரம் மெலிந்திருக்கும். மார்புத் துடுப்பு குட்டையாக, அகலமான முக்கோணமாக இருக்கும். முதல் முதுகுத் துடுப்பும் பின்னால் தள்ளியிருக்கும், அதன் பின்நுனி இடுப்புத் துடுப்பு அடியின் நடுவுக்கு மேல் வரும். மற்ற மூன்றிலும் அவ்வளவு பின்னால் வராது.

மூன்றாவது கண். கண்ணின் பின் விளிம்பில் சின்ன வெட்டு இருந்தால் லோக்ஸோடான். விரலால் தடவினாலே தெரியும்.

மிச்சமிருப்பது இரண்டு பங்காளிகள். வாயின் மூலையில் மேல் உதட்டுப் பள்ளத்தைப் பாருங்கள். பால் சுறாவில் அது நீளம், வாயைத் திறக்காமலே கோடாகத் தெரியும். ஆலிகோலிங்ஸில் மிகக் குட்டை. வாய் மூலைக்குப் பக்கத்தில் வரிசையாக ஊசித் துளைகள் இருக்கும். பால் சுறாவில் நிறைய, ஆலிகோலிங்ஸில் விரல்விட்டு எண்ணுகிற அளவு. சளியைத் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் துளைகள் தெரியும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது.

சந்தேகம் வந்தால் "ரைசோபிரையோனோடான், இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். ஊகித்து இனப்பெயர் எழுதுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

விலங்கியல்_இரண்டாமாண்டு எழுதியது:

பதினோராம் வகுப்பிலிருந்து குருத்தெலும்பு மீனுக்கு உதாரணம் ஸ்கோலியோடான் என்றுதான் படிக்கிறோம். அந்த ஸ்கோலியோடானும் இதுவும் ஒன்றா சார்?

உயிரியல்வாத்தியார் எழுதியது:

பேரினம் ஒன்றுதான். ஆனால் பழைய கட்டுரையைப் படிக்கும்போது கவனமாக இருக்கணும் தம்பி. 1964-ல் விக்டர் ஸ்பிரிங்கர் இந்தக் கூட்டத்தை முழுதாகத் திருத்தி, லோக்ஸோடான், ஸ்கோலியோடான், ரைசோபிரையோனோடான் என்று மூன்றாக வரையறுத்தார். அதற்கு முன்னால் பால் சுறாவையும் அதன் பங்காளிகளையும்கூட ஸ்கோலியோடான் என்றே எழுதினார்கள். ஆகவே 1964-க்கு முந்தைய கட்டுரையில் "ஸ்கோலியோடானுக்கு இத்தனை குட்டி, இந்த நீளம்" என்று இருந்தால், எந்த இனம் என்று உடல் வர்ணனையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெயரை நம்பி எண்ணை எடுத்து அட்டவணையில் போட்டுவிடக் கூடாது.

நம் கல்லூரிகளில் இந்தச் சுறா பாடமானதற்கு 1928-ல் லக்னோவில் வெளிவந்த தில்லையம்பலத்தின் ஸ்கோலியோடான் உடற்கூறு ஏடு பெரிய காரணம். அவர் பின்னாளில் யாழ்ப்பாணத்தில் கல்லூரி அதிபராக இருந்தவர். உடற்கூறுக்கு அந்த ஏடு இன்றைக்கும் செல்லும்.

இன்னொன்று. 2010-ல் மேற்குப் பசிபிக் பக்கத்து ஸ்கோலியோடானை மேக்ரோரிங்கோஸ் என்று தனி இனமாக மீட்டெடுத்துவிட்டார்கள். சீனக் கரை எண்களை இந்தியக் கரை லாட்டிகாடஸுக்குப் போடுவதும் இனி சரிப்படாது.

பாம்பன்_கச்சான் எழுதியது:

எல்லாம் சரி அண்ணே, இவ்வளவு பிரித்து என்ன ஆகப் போகிறது? பால் சுறா, ஸ்கோலியோடான் இரண்டும் குட்டி போடுகிற சின்னச் சுறா. இரண்டும் சீக்கிரம் பெருகும். இழுவை மடியில் இரண்டும் சேர்ந்துதான் ஏறும். அழிகிறது என்றால் பெரிய சுறாதான் அழிகிறது.

உயிரியல்வாத்தியார் எழுதியது:

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அளவு கிட்டத்தட்ட ஒன்று போலத் தெரிந்தாலும் இரண்டின் வாழ்க்கைக் கணக்கும் வேறு.

ஸ்கோலியோடான் அதிகபட்சம் 74 செ.மீ. பிறக்கும்போது 12 முதல் 15 செ.மீ. முப்பத்தைந்து செ.மீ. பக்கத்திலேயே, ஒன்று இரண்டு வயதில், பெண் பருவமடைந்துவிடும். கர்ப்பகாலம் ஐந்தாறு மாதம். ஒரு ஈற்றில் 6 முதல் 18 குட்டி என்பது வழக்கமாகச் சொல்லும் எல்லை, பெரிய தாய்க்குக் குட்டி கூடும். ஆயுள் ஐந்தாறு வருடம். வருடம் முழுக்கச் சினையுள்ள பெண்கள் கிடைக்கும்.

பால் சுறா வேறு. நம் பக்கம் ஒரு மீட்டர் வரை, மேற்கு ஆப்பிரிக்காவில் 178 செ.மீ. வரைகூடப் பதிவாகியிருக்கிறது. எழுபது செ.மீ.க்கு மேல்தான் பருவமடையும். கர்ப்பகாலம் ஏறக்குறைய ஒரு வருடம். ஒரு ஈற்றில் 1 முதல் 8, பெரும்பாலும் 2 முதல் 5 குட்டி. குட்டி 25 முதல் 39 செ.மீ. வரை, பெரிதாகப் பிறக்கும்.

அதாவது கூடையில் 50 செ.மீ. சுறா இரண்டு கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோலியோடான் என்றால் அது ஏற்கெனவே குட்டி போட்டிருக்கக்கூடிய முதிர்ந்த மீன். பால் சுறா என்றால் பருவத்துக்கே வராத குஞ்சு. "சிறு சுறா, 50 செ.மீ." என்று ஒரே வரியில் எழுதினால் இந்த வித்தியாசம் மொத்தமும் தொலைந்துவிடும்.

கருப்பைக்குள்ளே போனால் வித்தியாசம் இன்னும் பெரிது. பால் சுறாவின் கரு 60 மி.மீ. தாண்டும் வரை மஞ்சள் கருவைத் தின்றே வளரும், அதற்கப்புறம்தான் மஞ்சள் கருவின் பை நச்சுக்கொடியாக மாறித் தாயோடு ஒட்டும். நச்சுக்கொடி கட்டும் சுறாக்களில் இதுதான் சாதாரண வழி. ஸ்கோலியோடானில் முட்டையே ஒரு மி.மீ. அளவுதான், சுறாக்களில் அறியப்பட்டதிலேயே சிறியது. சேமிப்பு ஒன்றும் இல்லை. கரு 3 மி.மீ. இருக்கும்போதே கருப்பைச் சுவரில் பதிந்துவிடும். சுவரிலிருந்து ஒரு கிண்ணம் மாதிரி வளர்ந்து கருவின் கொடியைப் பிடித்துக்கொள்ளும். தொப்புள்கொடி முழுக்க நூல் நூலாகக் கிளைகள் தொங்கும். மீன்களில் இதைவிட முன்னேறிய நச்சுக்கொடி இன்னும் அறியப்படவில்லை. கருவுக்கு வேண்டியது ஏறக்குறைய எல்லாம் தாயிடமிருந்தே வருகிறது, முட்டையில் முன்கூட்டிக் கட்டிக்கொடுப்பது எதுவும் இல்லை.

படிவத்துக்கு இதில் ஒரு நேரடிச் சேதி. பொதுவாகப் பெண் சுறா பருவம் அடைந்ததா என்று பார்க்க, சினைப்பையில் மஞ்சள் முட்டை எவ்வளவு பெரிது என்று அளப்பார்கள். ஸ்கோலியோடானில் அந்த அளவுகோல் உதவாது. முட்டை எப்போதும் பொடிசாகத்தான் இருக்கும், "பருவமடையவில்லை" என்று தப்பாக எழுதிவிடுவீர்கள். இதற்கு ஓட்டுச் சுரப்பியின் அகலத்தையும் கருப்பையின் அகலத்தையும் பார்க்க வேண்டும். நூல் மாதிரி ஒரே தடிமனாகப் போனால் பருவமில்லை. சுரப்பி தனியாகப் புடைத்து, கருப்பை பின்பக்கம் விரிந்திருந்தால் பருவம்.

கரைக்கணக்கு எழுதியது:

வாத்தியார் சார், குட்டி எண்ணும்போது ஒரே நீளமுள்ள தாய்களில்கூட எண்ணிக்கை எகிறி எகிறி வருகிறது. சிலதில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஒன்று. இது இயல்பா?

பாம்பன்_கச்சான் எழுதியது:

வலை தூக்கும்போதே பாதி குட்டி கீழே விழுந்திருக்கும் தம்பி. மடி மேலே வந்து பலகையில் கொட்டியதும் வயிறு அமுங்கிக் குட்டி வெளியே வந்துவிடும். தளத்தில் பார்த்தால் கொடியோடு கிடக்கும். கழிவோடு கூட்டிக் கடலில் தள்ளிவிடுவார்கள்.

உயிரியல்வாத்தியார் எழுதியது:

கச்சான் சொல்வது சரி. பிடிபட்ட அதிர்ச்சியில் சினைச்சுறா குட்டியை உதிர்ப்பது குட்டி போடும் பல சுறா, திருக்கைகளிலும் உண்டு. குறைமாதக் கருவைத் திரும்பக் கடலில் விட்டாலும் பிழைக்காது. ஆகவே எண்ணும் முன் மூன்றைப் பாருங்கள். கழிவுவாய் சிவந்து விரிந்திருக்கிறதா? கருப்பை பெரிதாக விரிந்து, உள்ளே காலியாகத் தொய்ந்திருக்கிறதா? சுவரில் அறுந்த கொடியின் மிச்சம் ஒட்டியிருக்கிறதா? ஒன்று இருந்தாலும் "உதிர்ந்தது" என்று குறித்து, அந்த மீனைக் குட்டி சராசரிக்குள் சேர்க்காதீர்கள். இடது கருப்பை, வலது கருப்பை என்று தனித்தனியாக எண்ணினால் உதிர்ந்ததைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம்.

பிரசவித்து முடித்த தாயின் கருப்பையும் தொய்ந்துதான் இருக்கும். அதை உதிர்த்ததோடு குழப்பாமலிருக்க, அதே கூறில் கிடக்கும் மற்ற தாய்களின் கரு நீளத்தை ஒப்பிட வேண்டும். பால் சுறாவுக்கு இது நன்றாக வேலை செய்யும். ஸ்கோலியோடானில் ஒரே நாளில் எல்லாக் கட்டத்துக் கருவும் கிடைப்பதால் அவ்வளவாக உதவாது.

ஆண்களுக்கு அறுக்கவே வேண்டாம். கிளாஸ்பரை, அதாவது இடுப்புத் துடுப்பின் உட்பக்கம் நீண்டிருக்கும் ஆண் உறுப்பை, தொட்டுப் பாருங்கள். மெத்தென்று வளைந்தால் குஞ்சு. நீண்டும் இன்னும் வளைகிறது என்றால் பருவம் நெருங்குகிறது. எலும்பு போல விறைத்து, அடியிலிருந்து முன்பக்கம் திருப்ப முடிந்து, நுனி விரிந்தால் பருவமடைந்த ஆண். கிளாஸ்பர் நீளத்தைக் கழிவுவாயிலிருந்து நுனி வரை எடுக்கிறீர்களா, வெளிப்பக்க அடியிலிருந்தா என்று படிவத்திலேயே அச்சடித்துவிடுங்கள். ஆளுக்கொரு விதமாக எடுத்தால் வீண்.

எண்ணாளர் எழுதியது:

அளவு பற்றிச் சேர்க்கிறேன். மொத்த நீளம் என்று எழுதினால் போதாது. வாலின் மேல் மடலை உடல் கோட்டுக்கு அழுத்தி இழுத்து எடுத்ததா, இயல்பாக விட்டு எடுத்ததா என்பதில் சின்னச் சுறாவிலேயே கணிசமான வித்தியாசம் வரும். ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதையே எடுங்கள். அளவுப் பலகையில் வயிறு கீழே இருக்க, மூக்கு முட்டுக்கட்டையைத் தொட வேண்டும். ஸ்கோலியோடானின் மெல்லிய மூக்கு அழுத்தினால் மடங்கும், தொட்டால் போதும். நாடாவை உடல் வளைவின் மேல் போடக் கூடாது. கூடவே வால் கவட்டை வரையுள்ள நீளத்தையும் எடுங்கள். வால் நுனி முறிந்த மீன் நிறைய வரும், அப்போது அது காப்பாற்றும்.

மாதிரி எடுக்கும் முறைதான் பெரும்பாலும் சொதப்பும் இடம். கூடையின் மேலே கிடப்பதை எடுத்தால் பெரிய மீன்தான் வரும், ஏலத்துக்காகப் பெரியதை மேலே அடுக்குவார்கள். மொத்த எடையைக் குறித்துக்கொண்டு, கொட்டிக் கலந்து, ஒரு பக்கத்திலிருந்து தொடர்ச்சியாக ஐம்பது மீன் எடுங்கள். மாதிரியின் எடையையும் போடுங்கள். மொத்த எடையை மாதிரி எடையால் வகுத்தால் வருவதுதான் பெருக்கு எண். அது இல்லாத நீள அட்டவணையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. படகு வகை, வலை வகை, எத்தனை நாள் கடல், எத்தனை இழுப்பு, எந்த ஆழம் என்ற ஐந்தும் இல்லாமல் பிடிப்பு எண் கூடியதா குறைந்ததா என்று யாரும் சொல்ல முடியாது.

வயது கணக்கிடுவதில் ஒரு சிக்கல். நீளப் பரவலில் முகடுகளைப் பின்தொடர்ந்து வளர்ச்சி கணக்கிடும் முறை, வருடத்துக்கு ஒருமுறை குட்டி போடும் இனத்துக்குத்தான் பொருந்தும். ஸ்கோலியோடான் வருடம் முழுக்கப் போடுவதால் தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து முகடே தெரியாது. மென்பொருள் எப்படியும் ஒரு எண்ணைத் துப்பும், அதை நம்பக் கூடாது. முதுகெலும்பு வளையம்தான் வழி. முதல் முதுகுத் துடுப்புக்குக் கீழேயிருந்து நாலைந்து முள்ளெலும்பு எடுத்து, சதையைச் சுரண்டி, பிளீச்சிங் கரைசலில் கொஞ்ச நேரம் ஊற விட்டு, ரெசினில் பதித்து, அரை மி.மீ.க்கும் மெல்லிய நெடுக்குவெட்டு எடுக்க வேண்டும். பிளீச்சில் அதிக நேரம் விட்டால் சின்னச் சுறாவின் எலும்பு ஓரம் கரைந்து கடைசி வளையம் போய்விடும். கண்ணால் பார்த்துக்கொண்டே எடுங்கள்.

வலைக்கண் எழுதியது:

பாதுகாப்பு என்று வந்தால் எல்லோரும் கண்ணி அளவைத்தான் பேசுவார்கள். இழுவை மடியில் வைர வடிவக் கண்ணி, பிடிப்பு சேரச் சேர இழுவிசையில் மூடிக்கொள்ளும். தாளில் எழுதிய அளவு கடலுக்கடியில் இருக்காது. மடியின் கடைசிப் பையில் சதுரக் கண்ணி போட்டால் திறந்தே நிற்கும். மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பல வருடமாகப் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஆனால் சுறாவுக்கு இது எந்த அளவு உதவும் என்பது இனத்தைப் பொறுத்தது. 13 செ.மீ. ஸ்கோலியோடான் குட்டி விரல் தடிமன்தான், சதுரக் கண்ணியில் நுழைந்து போய்விடும். பால் சுறாக் குட்டி பிறக்கும்போதே அதைப் போல இரண்டு மடங்கு நீளம். சுறாத் தோல் சொரசொரப்பு, மார்புத் துடுப்பு விறைப்பு, நுழைந்தாலும் பாதியில் மாட்டும். எந்தக் கண்ணி போட்டாலும் பால் சுறாக் குட்டி மடியில் நிற்கத்தான் செய்யும். அதற்கு வழி, குட்டி கிடக்கும் இடத்தையும் காலத்தையும் விட்டு விலகுவதுதான்.

மும்பை, குஜராத் பக்கம் இருக்கிற டோல் வலை இன்னொரு சிக்கல். நீரோட்டத்தில் நிறுத்திக் கட்டுகிற பை வலை அது. பம்பாய் வாத்து மீனுக்கும் கூனி இறாலுக்கும் போடுவதால் கண்ணி மிகப் பொடிசு. ஸ்கோலியோடான் இரை தேடி வருவதும் அதே கலங்கல் நீருக்கு, அதே மீனுக்கு. இந்தியாவில் இந்தச் சுறா குவியலாக இறங்குவது அந்தக் கரையில்தான். அங்கே பெரிய கண்ணி போடு என்று சொல்வது வலையையே கைவிடு என்பதற்குச் சமம். எனவே அங்கே பேச வேண்டியது எத்தனை வலை, எத்தனை நாள் என்பது.

செவுள் வலையில் பிடித்ததைத் திரும்ப விடலாமே என்பவர்களுக்கு: இந்தக் குடும்பத்துச் சுறாக்கள் பெரும்பாலும் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் நீர் ஓடும். வலையில் மாட்டி அசைய முடியாமல் போனால் சீக்கிரம் செத்துவிடும். இரவு முழுக்க ஊற விட்ட வலையில் விட்டுவிடத் தக்க மீன் அநேகமாக இருக்காது. ஊறும் நேரத்தைக் குறைத்தால்தான் விடுவதைப் பற்றிப் பேச முடியும். தூண்டிலில் வந்ததை விடலாம். வாலைப் பிடித்துத் தூக்கித் தொங்க விடக் கூடாது. தலைக்குப் பின்னால் ஒரு கை, வால் அடியில் ஒரு கை, கொக்கி உள்ளே போயிருந்தால் தங்கூசியை அறுத்து விடுவதே மேல்.

பாம்பன்_கச்சான் எழுதியது:

மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே. கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கட்டியாச்சு. மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அது போதாதா?

எண்ணாளர் எழுதியது:

அந்த நாட்களில் விசைப்படகின் பாரம் குறைகிறது, அதில் லாபம்தான். ஸ்கோலியோடானுக்குத் தனி ஈற்றுக் காலம் இல்லாததால் எந்த 61 நாளாக இருந்தாலும் ஒன்றுதான். பால் சுறாவின் குட்டிகள் கரையோரம் ஆழம் குறைந்த நீரில் கிடக்கும். அங்கே போவது தடைக்குள் வராத நாட்டுப் படகின் செவுள் வலை. தடை தப்பு என்று சொல்லவில்லை, சுறாவைக் கணக்கில் வைத்துப் போட்ட தடை இல்லை என்கிறேன்.

"சின்னச் சுறா சீக்கிரம் பெருகும்" என்ற வாதத்துக்கு வருகிறேன். ஸ்கோலியோடானுக்கு அது ஓரளவு உண்மை. அத்தனை பிடிப்புக்கும் நடுவில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயூசிஎன்) செம்பட்டியலில் இன்னும் "அச்சுறுத்தலை நெருங்கிய" நிலையில்தான் இருக்கிறது. பால் சுறா "பாதிக்கப்படக்கூடிய" நிலைக்கு இறங்கிவிட்டது. ஒரே கூடை, இரண்டு கதி. 1991-ல் குஜராத்தின் வெராவல் சுறா மீன்பிடி பற்றி முகமது காசிம் எழுதிய கட்டுரையிலேயே இரண்டு இனத்தையும் தனித்தனியாகத்தான் கணக்கிட்டார். முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

ஒரே வரியில் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டிக் கரை நல்ல பாடம். அங்கே "சிறு கரையோரச் சுறாக்கள்" என்று நாலு இனத்தை ஒரே தொகுப்பாக நிர்வகித்தார்கள்: பால் சுறாவின் பங்காளியான அட்லாண்டிக் கூர்மூக்குச் சுறா, சின்னக் கொம்பன் வகையான பானட்ஹெட், ஃபைன்டூத், கருமூக்குச் சுறா. தொகுப்பு மொத்தமாகப் பார்த்தால் நலம். 2007 மதிப்பீட்டில் இனம் இனமாகப் பிரித்துப் பார்த்தபோது, கூர்மூக்குச் சுறா நன்றாக இருக்க, கருமூக்குச் சுறா அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. 2010-ல் கருமூக்குக்குத் தனி ஒதுக்கீடு போட்டார்கள். வேகமாகப் பெருகும் இனத்தின் எண்ணிக்கை, மெதுவாகப் பெருகும் இனத்தின் சரிவை மூடிவிடுகிறது. நம் "பால் சுறா" கூறிலும் அது நடக்கலாம், நடக்கிறதா என்று பார்க்கக்கூட இப்போதைய படிவத்தில் வழி இல்லை.

விலங்கியல்_இரண்டாமாண்டு எழுதியது:

சட்டப்படி இவற்றைப் பிடிக்கலாமா? உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே.

செவுள் எழுதியது:

இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் கார்கரைனிடே குடும்பம் முழுவதையும் இரண்டாம் இணைப்பில் சேர்த்தார்கள். 2023 நவம்பர் 25 முதல் அமல். பால் சுறா, ஸ்கோலியோடான் இரண்டும் அதற்குள் வரும். சில இனங்கள் ஆபத்தில் இருப்பதற்காகச் சேர்க்கப்பட்டன, மற்றவை அவற்றைப் போலவே தெரிவதால் சேர்க்கப்பட்டன. துடுப்பையோ கருவாட்டையோ பார்த்துச் சுங்க அதிகாரி இனம் சொல்ல முடியாது அல்லவா. இது நாடு தாண்டும் வணிகத்துக்கான விதி. உள்ளூரில் பிடித்து விற்பதை அது தடுக்காது.

இந்தியாவில் பிடிக்கவே கூடாதவை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. திமிங்கிலச் சுறா, வேளா மீன்கள், புதுச்சேரிச் சுறா போன்றவை. புதுச்சேரிச் சுறா கார்கரைனஸ் ஹெமியோடான். சின்ன இனம், மிக அரிது, கூடையில் கலந்து வந்தால் கண்ணில் படாமல் போய்விடும். அதனால்தான் முதல் படியில் "கார்கரைனஸ் குட்டி" என்று ஒதுக்கியதைக் கழித்துவிடாமல், ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் ஒரு படம், வாயின் அடிப்பக்கம் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன். துடுப்பை உடலோடுதான் இறக்க வேண்டும் என்று 2013-லும், துடுப்பு ஏற்றுமதி கூடாது என்று 2015-லும் உத்தரவுகள் வந்தன.

மரபணு மாதிரி எடுக்க விரும்பினால் துடுப்பு நுனியோ சதையோ மிளகு அளவு போதும். 95 சதவீத எத்தனாலில் போடுங்கள், திசுவைப் போலப் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும், மறுநாள் ஒருமுறை திரவத்தை மாற்றுங்கள். ஃபார்மலினில் போட்டால் மரபணு துண்டு துண்டாகும், இனம் காட்டும் மரபணு பார்கோடு வராது. மீனுக்கு மீன் கத்தரியைத் துடைத்துத் தீயில் காட்டுங்கள்.

உலர்தளம் எழுதியது:

இழைக்குச் சற்று வெளியே, ஆனால் பதிவு எடுப்பவர்களுக்கு உதவும். சுறா ரத்தத்திலும் சதையிலும் யூரியா அதிகம். செத்ததும் பாக்டீரியா அதை அம்மோனியாவாக்கும். கூடை மூக்கைத் துளைத்தால் அது பிடித்து நாளான மீன், அந்த நாள் பிடிப்பில் சேர்க்காதீர்கள். அப்படிப்பட்ட மீனின் குடல், சினைப்பை, கருப்பை எல்லாம் குழைந்திருக்கும், உள்ளுறுப்பு அளவு எடுக்க ஏற்றதில்லை. நீளம் மட்டும் எடுக்கலாம்.

பிள்ளை பெற்றவர்களுக்குச் சுறாப் புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்ற நம்பிக்கையால்தான் இந்தக் கூறுக்கு நிலையான விலை. புரதம் நல்லது, அதற்கு மேல் மருத்துவச் சான்று ஏதும் கிடையாது. பாதரசம் பெரிய சுறாவில்தான் அதிகம் சேரும், சின்னதில் குறைவு.

கரைக்கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படிவம் இப்படி வருகிறது. மேல் பகுதியில் படகு, வலை, நாள், இழுப்பு, ஆழம், மொத்த எடை, மாதிரி எடை. கீழே ஐந்து நெடுவரிசை: தட்டை மூக்கு, கண் வெட்டு, நீண்ட உதட்டுப் பள்ளம், குட்டைப் பள்ளம், கார்கரைனஸ் குட்டி. ஒவ்வொரு மீனுக்கும் இழுத்த மொத்த நீளம், கவட்டை நீளம், ஆணா பெண்ணா, ஆணுக்குக் கிளாஸ்பர் நிலை. அறுக்க அனுமதி கிடைத்த நாளில் மட்டும் பின்பக்கத் தாள்: இடது, வலது குட்டி எண்ணிக்கை, கரு நீளம், உதிர்ந்ததா. சரியா?

எண்ணாளர் எழுதியது:

கடைசியில் "இனம் தெரியவில்லை" என்று ஆறாவது நெடுவரிசை வையுங்கள். அது இல்லாவிட்டால் சந்தேகமான மீனெல்லாம் பால் சுறாவில்தான் போய் விழும். அந்த நெடுவரிசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் பதிவு எடுப்பவருக்கு மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

செவுள் எழுதியது:

பயிற்சிக்குப் படம் மட்டும் போதாது. ஏலம் முடிந்த பிறகு நான்கு இனத்திலும் ஒவ்வொன்று விலைக்கு வாங்கி உறைபெட்டியில் வையுங்கள். எண் கட்டி, பெயர் மறைத்து, ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதித் தரட்டும். ஆலிகோலிங்ஸ் கிடைப்பது கொஞ்சம் அரிது, கிடைத்த அன்றே எடுத்துவிடுங்கள். உறைந்த மீனை முழுக்க உருக விடாமல் துளையை எண்ணச் சொல்லாதீர்கள், பனி துளையை அடைத்திருக்கும்.

பாம்பன்_கச்சான் எழுதியது:

சரி அண்ணே, ஒரு யோசனை. ஏலத்துக்குப் பிறகு வந்து நிற்காதீர்கள். படகு அணையும்போதே வந்தால் தளத்தில் இனம் இனமாக விசிறிப் போட்டிருப்பார்கள், கூடை கட்டும் முன் உங்களுக்கு நேரம் கிடைக்கும். விழுந்த குட்டியும் பலகையிலேயே கிடக்கும், எண்ணிக்கொள்ளலாம்.